பொம்மைக்குப் போட்ட கோட்டு

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து பிறந்தது. கோட்டு என் தகப்பனாருடையது. அவர் தலைமையாசிரியராக இருந்த காலம் முழுக்க அணிந்த கறுப்புக் கோட்டு. கடைசியாக நான் அதைப் பார்த்தபோது ஒரு சோளக்கொல்லைப் பொம்மை அதை மாட்டிக்கொண்டு கைகளை விரித்து நின்றது. பார்த்த இடம் என் வீட்டுக் கூடம், மருமகளின் கணினித் திரை.

(கதையில் மாமனார் என்று ஒருவர் வருவார். அது நான்தான். ஆனாலும் ‘அவர்’ என்றே எழுதப்போகிறேன். சொந்த வீட்டுச் சங்கதியில் பக்கத்துக்குப் பத்து ‘நான்’ போடுவது மரியாதையாக இல்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘கிராமத்து மக்களின் வாழ்வைப் படமெடுத்து ஆவணப்படுத்துவது என்பது...’

அடித்துவிட்டேன். ஆண்டுவிழாத் தலைமையுரை போல இருக்கிறது. அடுத்து:

‘கேமராப் பையோடு அவள் பேருந்தை விட்டு இறங்கியபோது ஊரே...’

ஊர் ஒன்றும் செய்யவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது. இதுவும் வேண்டாம்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். மருமகள் ஊர் ஊராகப் போய், பறவை விரட்ட வயலில் நட்டுவைக்கும் பொம்மைகளைப் படமெடுக்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று உறவில் கேட்டவர்கள் உண்டு. ஒருநாள் அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த மாமனார், அதன்பிறகு அந்தக் கேள்வியைத் தம் எதிரில் யாரையும் கேட்கவிட்டதில்லை.

போன உடனே அவள் கேமராவைத் தொடுவதில்லை. வரப்பில் உட்கார்ந்து, “இது யாரோட சட்டைங்க?” என்று கேட்கிறாள். அதற்கு வாய் திறக்காத வீடே இல்லை. ஒரு பொம்மைக்கு வீட்டை விட்டு ஓடிப்போன மாப்பிள்ளையின் சட்டை. காக்காயைவிட அந்தச் சட்டைமேல்தான் அந்த வீட்டார் அதிகம் கல்லெறிந்திருந்தார்கள். இன்னொன்றுக்குப் பட்டாளத்திலிருந்து திரும்பியவரின் தொப்பி. அவரே வந்து தினமும் அதை நேராக வைத்துவிட்டுப் போவாராம்.

அந்த நேராக வைக்கும் கைக்காகத்தான் அவள் காத்திருக்கிறாள். “பொம்மை எங்கயும் போகாது மாமா. அதைச் சரிபண்ற கைதான் சட்டுனு வந்துட்டுப் போயிடும்.” அந்தக் கைக்காகச் சேற்றில் குப்புறப் படுத்து, முழங்கை ஊன்றி, கொக்கு மாதிரி அசையாமல் கிடந்தாள். படிப்பும் பொறுமையும் ஒரே ஆளிடம் இருப்பதை மாமனார் அதிகம் பார்த்ததில்லை.

அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள். யாருடைய உடை என்று கீழே எழுதாமல் எந்தப் படமும் வெளியே போகாது. வீட்டார் வேண்டாம் என்றால், அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுவாள்.

3

அவளுடைய படங்கள் புத்தகமாக வரப்போகின்றன. முகப்புக்கு அவள் எடுத்துவைத்த படம் எங்கள் சோளக்கொல்லையில் எடுத்தது. வீட்டில் மூத்தவர் என்று மாமனாரிடம் அனுமதி கேட்டு நின்றாள்.

படத்தில் கோட்டின் தோள்கள் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கின்றன. கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வைக்கோல். மாமனாரின் அண்ணி, அண்ணன் போனபின் அந்த நிலத்தைத் தனியாளாகப் பயிர்செய்கிறவர், குதிகாலைத் தூக்கி எக்கி நின்று காலரை இழுத்துவிடுகிறார். தகப்பனார் உயிரோடு இருந்தவரை அந்தக் காலரை வேறொருவர் கை தொட்டதில்லை. அண்ணியின் புறங்கை நரம்புகளில் வெயில் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் மாமனார் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட படம்.

ஆனால் அண்ணியின் பல் தெரிகிறது, சிரிப்பதுபோல.

[அண்ணியை எப்படி எழுதுவதென்று எனக்குப் பிடிபடவில்லை. குணவதி என்று எழுதினால் பொய். கேலிக்காரி என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். அவரையே பேசவிடுகிறேன்.]

4

மாமனார் கொல்லைக்கே போனார்.

“காக்கா விரட்ட அப்பா கோட்டுதான் கெடச்சுதா அண்ணி?”

“போன வருஷம் உங்க சட்டையத்தான் போட்டேன் தம்பி. காக்கா அது தோள்ல உக்காந்து கதை பேசிட்டுப் போச்சு.”

மாமனார் சிரிக்கவில்லை. [கதையில் சிரிக்கவில்லை. நேரில் கொஞ்சம்... அது வேண்டாம்.]

“ஊர் என்ன பேசும்?”

“ஊர் தெனமும் பாத்துக்கிட்டுதான் போகுது. படத்துல வந்தாதான் உங்களுக்கு மானம் போகுமா?”

“பெட்டியில பத்திரமா இருந்திருக்கும்ல?”

“பூச்சிக்குத் தீனியா வைக்கச் சொல்றீங்க. இங்க நின்னா ஒரு வேலையாவது நடக்குது. சும்மா இருக்கிறது அவருக்கு என்னைக்கு ஆச்சு?”

திரும்பி வரும் வழியில் மாமனாருக்குப் பதில் தோன்றியது. நல்ல பதில். அதை இங்கே எழுதி அண்ணியை ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை.

5

வீட்டுக்கு வந்து மறுபடி படத்தைப் பார்த்தார். அண்ணியின் உதட்டோரம் ஓர் ஊக்கு தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

“ஊக்கைக் கடிச்சிட்டு நிக்கறாங்க, அதான் சிரிக்கிற மாதிரி தெரியுது. இல்லையாம்மா?”

அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படம் அப்போதே தப்பித்திருக்கும்.

“இல்ல மாமா. சிரிச்சாங்க.”

“எதுக்கு?”

“காலர் நிக்கவே மாட்டேன்னுச்சு. ‘உயிரோட இருந்தப்பவும் இந்த மனுஷனுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், இப்பவும் நிக்கணும்’னு சொல்லிச் சிரிச்சாங்க. அது திட்டா கொஞ்சலான்னு எனக்குத் தெரியல.”

“படத்துக்குக் கீழ யாரோ ஒருத்தர் கோட்டுன்னு போட்டுடேன்.”

“ஓடிப்போன மாப்பிள்ளை சட்டைன்னு போட அந்த வீட்டுல ஒத்துக்கிட்டாங்க மாமா. நம்ம வீட்டை மட்டும் மறைச்சா, அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

எங்கள் வீட்டுக்கு வந்த பெண் இப்படிப் பேசியதில் மாமனாருக்கு வந்த பெருமையை அவர் காட்டிக்கொள்ளவில்லை. நான் காட்டிக்கொள்கிறேன்.

“அழிச்சிடட்டுமா மாமா?” திரையில் அம்புக்குறியை அழிக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கோபமில்லை, கெஞ்சலுமில்லை.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

‘அழி’ என்கிறார். அழிக்கிறாள். முகப்பில் பட்டாளத்துத் தொப்பி வருகிறது. கோட்டு கொல்லையிலேயே நிற்கிறது. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது. எதிலிருந்து என்றுதான் எழுத வரவில்லை.

‘இருக்கட்டும்’ என்கிறார். புத்தகம் வருகிறது. மாமனாரின் தம்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பாவை வைக்கோலாக்கிட்டீங்களே!” என்று கத்துகிறார். அதற்கு மாமனார்...

மூன்றாவதில் அண்ணியே கோட்டோடு வாசலில் வந்து நிற்கிறார். கிழித்துப் போட்டேன். முடிக்கத் தெரியாதவன் யாரையாவது வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான்.

மருமகள் இன்னும் காத்திருக்கிறாள். படத்தை நான் இங்கே சேர்க்கவில்லை. ஆனால் படித்துக்கொண்டு வந்ததில் நீங்களாகவே ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதில் அண்ணி எப்படிச் சிரிக்கிறார்? கோட்டு உங்கள் தகப்பனாருடையதாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்வீர்கள்?

குடும்ப மானத்தைப் பற்றி வெளியாளிடம் யோசனை கேட்டவர் எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் இல்லை. நான் கேட்கிறேன்.