இரு முனையிலும் வெட்டிய கயிறு

“அப்போ, பிடிச்ச மீனைத் திங்கவும் மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க.”

“மாட்டோம்,” என்றாள் அக்கா.

“மறுபடியும் தண்ணியிலேயே விட்டுடுவீங்க.”

“ஆமா.”

மெத்தை ஏற்றிய லாரியின் ஓட்டுநர் வண்டியை ஒரு வளைவில் திருப்பி நேராக்கினார். பிறகு, “இந்த ஏற்பாடு அந்த மீனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

அக்கா சிரித்துவிட்டாள். அவள் சத்தமாகச் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்காகவே அவருக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

காலையிலிருந்து இது எங்களுக்கு மூன்றாவது வண்டி. நாங்கள் போவது பேருந்து எட்டாத ஓர் ஆற்றங்கரை ஊர் என்பதால் சாலையோரம் நின்று கை காட்டித்தான் போக வேண்டும். முதலில் ஒரு கணவனும் மனைவியும் சண்டையின் நடுவில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். எங்களுக்காகச் சமாதானம் ஆனது போல நடித்து, நாங்கள் இறங்கும்போது நிஜமாகவே சமாதானமாகியிருந்தார்கள். அடுத்து ஒரு மாட்டு டாக்டர். அவருடைய காரின் பின் இருக்கையில் ஓர் ஆட்டுக்குட்டி, அதற்கு இரு பக்கமும் நாங்கள். யாரும் எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இத்தனை பேர் நம்மை ஒரு திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஓட்டுநருக்கு இன்னும் திருப்தியாகவில்லை. புழுவா, மாவா, எதை வைத்துப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். அக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே வரிசையாக ஈக்கள். கொக்கியின் மேல் இறகும் நூலும் சுற்றி, மீனை ஏமாற்ற அவளே செய்தவை. அவள் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மெழுகில் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் செதுக்குகிற அதே இடுக்கியால் இவற்றையும் செய்கிறாள் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

“பொய்ப் பல்லு, பொய் ஈ. உங்க அக்காகிட்ட அசல்னு ஏதாவது இருக்கா பாப்பா?”

“கோபம் மட்டும் அசல்,” என்றேன்.

பிறகு அவர் பார்வை என் குதிகாலின் தழும்புக்குப் போனது. நான் லேசாக விந்தி ஏறியதையும் பார்த்திருக்க வேண்டும். “கால்ல என்னம்மா?” என்றார்.

விழுந்துவிட்டேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “நான்தான் கீழே போட்டேன்.”

அவள் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்கிறாள். எட்டு மாதம் முன்பு நடந்தது இதுதான். நாங்கள் இருவரும் பாறை ஏறுகிறவர்கள். ஒருத்தி ஏறுவாள், மற்றவள் கீழே நின்று கயிற்றைத் தன் இடுப்புப் பட்டையில் மாட்டிய கருவி வழியாக விட்டும் இழுத்தும் பிடிப்பாள். அன்று நான் உச்சியைத் தொட்டுவிட்டேன். உச்சி வளையத்தில் கோத்திருந்த கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அக்கா என்னை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். தரைக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது கயிறு தீர்ந்து, அதன் நுனி அவள் கருவியிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. நுனிகள் நைந்துபோயிருந்ததால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்தக் கயிற்றை இரு முனையிலும் வெட்டியிருந்தோம். வெட்டியது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. கயிறு குட்டையானது இருவருக்கும் ஞாபகம் இல்லை. நுனியில் ஒரு முடிச்சு இருந்திருந்தால் அது கருவியில் சிக்கி நின்றிருக்கும். அதை அவள் போடவில்லை. போட்டாயா என்று நானும் கேட்கவில்லை.

குதிகால் எலும்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரி நடையில் அம்மா அக்காவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: “உன்னை நம்பித்தானே அனுப்பினேன்.” அக்கா அன்றே இடுப்புப் பட்டையைக் கழற்றிப் பரணில் போட்டாள். ஐந்து மாதம் என்னைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், பல் கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக எனக்கு நாவல் வாசித்துக் காட்டினாள். அதில் வரும் பனி கொட்டும் ஊர்களின் பெயர்களைத் தப்பும் தவறுமாக உச்சரித்து, வலியில் கிடந்த என்னைச் சிரிக்க வைத்தாள். கால் நேரானதும் மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். தண்ணீரில் முழங்கால் அளவு நின்றால் அவள் கையிலிருந்து யாரும் விழ மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் ஓட்டுநரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கியரை மாற்றிக்கொண்டே, “நான் ஒரு தடவை ஐம்பது மெத்தையை ரோட்டுல கொட்டிட்டேன்,” என்றார். “நல்ல வேளை, மெத்தையா போச்சு.”

நாங்கள் போக வேண்டிய ஊருக்குச் சாலை பிரியும் இடத்தில் நாங்கள் இறங்கத் தயாரானோம். அவர் வண்டியை நிறுத்தாமல் கிளைச் சாலையில் திருப்பினார். பதினோரு கிலோமீட்டர் சுற்று. மெத்தைகளுக்கு அவசரமில்லை என்றார். ஆற்றங்கரைக் கடைவாசலில் இறக்கிவிட்டபோது அக்கா டப்பாவிலிருந்து ஓர் ஈயை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வண்டியின் முன்கண்ணாடிக்கு மேல் பத்திரமாகக் குத்திவைத்துக்கொண்டார்.

கடைக்காரம்மா நாங்கள் வாடகைக்குச் சொல்லிவைத்திருந்த பின்பக்க அறையைத் திறந்துவிட்டார். இரண்டு கட்டில், பாதி வரை மட்டும் திறக்கும் ஜன்னல், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். ஜன்னலில் ஆறும், ஆற்றின் மேல் சாய்ந்து நின்ற பெரிய சாம்பல் பாறையும் தெரிந்தன. அக்கா பாறையைப் பார்க்காமல் தூண்டில் கோலைப் பொருத்த ஆரம்பித்தாள். என் பையின் அடியில் கம்பளிக்குக் கீழே இருந்தவற்றை நான் எடுக்கவில்லை. புதுக் கயிறு. அம்மா தூங்கும்போது பரணிலிருந்து இறக்கிய இரண்டு இடுப்புப் பட்டைகள்.

மதியம் ஆற்றங்கரையில் அவள் ஒரு வேலை செய்தாள். தூண்டில் கோலின் சக்கரத்தில் சுற்றியிருந்த நூல் முழுவதையும் புல்லின் மேல் இழுத்துப் போட்டு, கடைசி முனை சக்கரத்தோடு முடிச்சிட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பொறுமையாகச் சுற்றினாள். மீன் பிடிப்பவர்கள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் இப்படியா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தாள்.

பிறகு ஒரு மீன் கடித்தது. பெரியது. அது ஓடியபோது நூலை விட்டாள், தளர்ந்தபோது இழுத்தாள். அவள் நூலைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைப் பார்த்தாள்.  பாறையில் நான் ஏறும்போதெல்லாம் கீழே இருந்த கை இதுதான். நான் கேட்காமலே கயிறு தளரும், நான் பயப்படும்போது இறுகும். நூறு தடவை இந்தக் கைதான் என்னைப் பத்திரமாகக் கீழே இறக்கியிருக்கிறது. அந்த நூறையும் அவள் மறந்துவிட்டாள்.

மீனை ஈரக் கையால் தாங்கிக் கொக்கியை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். அது ஒரு நொடி அவள் உள்ளங்கையிலேயே நின்றுவிட்டுப் போனது.

நான் அறைக்குப் போய்ப் பையைத் தூக்கி வந்தேன். பாறையடியில் ஒரு தாடிக்காரர் தன் சிநேகிதரை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் இடுப்புப் பட்டையைக் கட்டுவதைப் பார்த்து, கயிறு பிடிக்க ஆள் வேண்டுமானால் தான் பிடிப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். நன்றி சொன்னேன்.

அக்கா பின்னாலேயே வந்திருந்தாள். கயிற்றைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள். அம்மாவுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன்.

“ஏறு. அவரு பிடிக்கட்டும். பார்த்தாலே தெரியுது, நல்லா பிடிப்பாரு.”

“நல்லாத்தான் பிடிப்பாரு.”

“அப்புறம் என்னடி?”

கயிறு முழுவதையும் புல்லின் மேல் இழுத்துப் போட்டேன். இரண்டாவது இடுப்புப் பட்டையை அவள் காலடியில் வைத்தேன். அவள் விரல்களிலிருந்து ஆற்று நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“உன் கையில இருந்து நான் ஒரு தடவைதான் விழுந்திருக்கேன்க்கா. மத்த தடவையெல்லாம் நீதான் இறக்கிவிட்டே. வேற யாரு பிடிச்சாலும் நான் மேல போனதும் கீழே குனிஞ்சு உன்னைத்தான் தேடுவேன். பிடிக்கிறியா?”