ஒற்றை ஸ்பிரிங்

கொட்டகையில் விழுந்து அடிபட்ட கிளாரி டூலனின் முதுகுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் போட்ட விலை அறுபத்தோராயிரம் டாலர். வாங்கிக்கொண்டால் ஆயுளுக்கும் ஆட்டு ரோமம் கத்தரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். ஹேமில்டன் பக்கத்துக் கொட்டகைகளுக்குக் கத்தரிக்க ஆள் அனுப்பும் காண்டிராக்டர் நான், பேரத்திலேயே வளர்ந்தவன். எனக்கே அது அடிமாட்டு விலையாகத்தான் பட்டது. கிளாரிக்கோ கத்தரிப்பை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது.

முதுகு தேறிவிட்டது என்று பிசியோதெரபிஸ்ட் மெரிடித் வாயால் கேட்டுவிட வியாழக்கிழமை இருவருமாகப் போனோம். ஆறு வாரமாக அவனைத் தரையில் கிடத்தி மூச்சுவிடப் பழக்கியவள், அன்றுதான் முதன்முதலாக ஸ்பிரிங் பூட்டிய உருளும் பலகையில் ஏற்றினாள். கனம் கூட்ட எல்லா ஸ்பிரிங்கையும் மாட்டச் சொல்லி வீம்பு பிடித்தான். மாட்டினாள். மல்லாந்து படுத்துக் காலால் ஒரே உதை; பலகை பறந்தது.

"ஏம்மா, இதவிடக் கனமான கிடாயெல்லாம் என் மடியில தூங்கியிருக்கு."

நானும் சிரித்தேன். திங்கட்கிழமை எந்தக் கொட்டகைக்கு அவனை அனுப்புவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மெரிடித் ஸ்பிரிங்குகளைக் கழற்றினாள். மெலிசாக ஒன்றுதான் மிச்சம். கையைக் கம்பியில் ஊன்றி, முழங்காலைப் பலகையில் வைத்து, மெல்லப் பின்னால் தள்ளி நிறுத்தச் சொன்னாள். தள்ளினான். நிற்கவில்லை. இடுப்பு தொய்ந்தது, தொடையெல்லாம் வெடவெடத்தது. அவள் காலை வைத்துப் பலகையைத் தடுத்திராவிட்டால் முகம் குப்புற விழுந்திருப்பான்.

"பாரத்தக் கொறச்சா லேசாகணும்ல?" என்றான், மூச்சு வாங்க.

"இவ்வளவு நேரம் ஸ்பிரிங்தான் உங்களத் தாங்குச்சு, கிளாரி. இப்ப நீங்கதான் தாங்கணும். கையும் காலும் இரும்பு. நடுவுல, வயித்துல ஆளே இல்ல. திங்கக்கிழமை கொட்டகைக்குப் போனா, அப்புறம் குனியவே முடியாது."

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். மூன்று மாதம் என்றாள். ஒன்றரைக்கு முடியுமா என்றேன். மூன்று என்றாள் மறுபடியும்.

காரில் திரும்புகையில், பெட்ரோல் பங்க் தாண்டியதும் கிளாரி சொன்னான்: "வயிறுன்னா பீர் ஊத்துற எடம்னுதான் மாப்ள நெனச்சிருந்தேன்."

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. மெரிடித்திடம்தான் போனான். மூன்று மாதமும் அந்த ஒற்றை ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டினான்.

அக்டோபரில் கொட்டகை ஏறினான். விழுவதற்கு முன் அவன் கணக்கு நாளுக்கு நூற்றறுபது ஆடு. முதல் நாள் சாயங்காலம் மணி அடித்தபோது எழுபத்திரண்டு, இடுப்பு தொய்யாமல். பாக்கி எண்பத்தெட்டு.