அடுத்த மாநிலத்து ஓட்டு

அந்த மாநிலத்தின் பெயரை இனி என் வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து வடக்கே நாலு மணி நேரம். ஒரு மலை ஏறி இறங்கினால் இன்னொரு மலை. முந்தின தேர்தலின்போது இலையுதிர் காலம் முழுக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் அங்கே பஸ் ஓட்டிக்கொண்டு போனேன். வார நாட்களில் வாஷிங்டன் நகரப் பேருந்து, சனிக்கிழமையில் இந்தச் சேவை. முதுகு ஒடிந்ததுதான் மிச்சம்.

எதற்குப் போனோம்? ஓட்டுக் கேட்கத்தான். எங்கள் ஊரில் கேட்பதற்கு செனட்டர் தேர்தலே கிடையாது. நாட்டுக்கே தலைநகரம். வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறோம். ஆனால் மாநிலமாக இருந்தால்தான் செனட்டில் இடம், நாங்கள் மாநிலம் இல்லை. அதனால் அடுத்தவர் மாநிலத்துக்குப் போய், எங்களை மாநிலமாக்குவேன் என்று சொல்கிறவனுக்காகக் கதவு கதவாகத் தட்டுவோம். ஒரு வீட்டில் செருப்போடு வெளியே வந்த கிழவர் கேட்டார்.

"எந்த ஊர்லேர்ந்தும்மா வர்றீங்க?"

"வாஷிங்டன்."

"உங்க செனட்டர் யாரு?"

"எங்களுக்கு ஏதுங்க? அதான் உங்களோடத இரவல் கேட்டு வந்திருக்கோம்."

விழுந்து விழுந்து சிரித்தார். ஓட்டுப் போட்டாரோ என்னவோ, காபி போட்டுக் கொடுத்தார்.

நாங்கள் ஓட்டுக் கேட்டது கெஸ்லிங் என்பவனுக்கு. பதவியில் இருந்தவர் பாதியில் செத்துப்போனதால் வந்த தேர்தல். ஜெயித்தாலும் இரண்டு வருடத்தில் மறுபடி நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அவனே எங்கள் பஸ்ஸில் ஏறி எங்களோடு ஊர் ஊராக வந்தான். நான் வீட்டிலிருந்து கோழி இறக்கை பொரித்து, எங்கள் ஊர் இனிப்புக் காரக் குழம்பான மம்போ சாஸ் ஊற்றி எடுத்துப் போயிருந்தேன். விரலை நக்கி நக்கித் தின்றான். என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, "உங்களுக்கு இந்த மாநில விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம் மேடம்?" என்று கேட்டான். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன்.

என் தம்பி லவெல். பத்தொன்பது வயதில் ஒரு கடைக் கொள்ளையில் காவலுக்கு நின்றான். சுட்டது வேறொருவன். நின்றவனுக்கும் அறுபது வருடம் போட்டார்கள். எங்கள் ஊருக்கென்று சொந்தச் சிறை கிடையாது, மாநிலமாக இருந்தால்தானே! நாட்டில் எங்கே இடம் காலியோ அங்கே தூக்கிப் போடுவார்கள். முதலில் இந்தியானா, பிறகு டெக்சஸ், இப்போது அரிசோனா பாலைவனம். அவன் முகத்தை நேரில் பார்த்துப் பல வருடமாகிறது.

"உங்க தம்பி பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கெஸ்லிங் இன்னொரு தரம் கேட்டான். "லவெல். மறக்க மாட்டேன் மேடம்."

மறக்கவில்லைதான். பாவி, மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மயிரிழையில் ஜெயித்தான். அன்றைக்கு எங்கள் சங்கத் தலைவி கிளாடின் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடமாக மாநிலம் மாநிலம் என்று அலைகிறவள், என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கும். என் அம்மாவுக்கு அடுத்தபடி என்னை அறிந்தவள் என்று நினைத்திருந்தேன்.

மறு வருடம் எங்கள் நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. சின்ன வயதில் தண்டனை வாங்கி, பாதிக் காலத்தை உள்ளே கழித்தவர்கள் நீதிபதி முன்னால் இன்னொரு முறை நின்று, திருந்திவிட்டேன், விடுங்கள் என்று கேட்கலாம். லவெலுக்குத் தைத்த சட்டை மாதிரி இருந்தது அந்தச் சட்டம். போனில் அவனுக்குச் சொன்னேன்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா. எனக்கு எந்த ரூமு?"

"என்னடா கேக்கற?"

"வீட்டுல எனக்கு எந்த ரூமு குடுப்ப?"

அடுத்த வாரமே பின்பக்க அறைக்கு வர்ணம் அடித்தேன். நீலம் கேட்டான், நீலமே அடித்தேன். பைத்தியக்காரி.

ஏனென்றால் எங்கள் ஊரில் சட்டம் போட்டால் அது சட்டமாகிவிடாது. நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸின் மேசைக்குப் போய் இரண்டு மாதம் கிடக்க வேண்டும். எங்கேயோ சோளக்காட்டில் ஜெயித்து வந்தவர்கள் எல்லாம் அதைக் கிழித்துப் போடலாம். இந்தச் சட்டத்தைக் கீழ்ச் சபை கிழித்துவிட்டது. செனட்டில் இழுபறி. ரேடியோவில் கெஸ்லிங், "எனக்குச் சில கவலைகள் இருக்கின்றன" என்று சொன்னான்.

அவன் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "உங்க அஞ்சல் குறியீட்டு எண் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

"சாரி மேடம், நீங்க எங்க மாநிலம் இல்லையே. உங்க செனட்டர்கிட்ட சொல்லுங்க."

"அம்மா தாயே, எனக்கு செனட்டர் இருந்தா உங்க ஊர் மலையெல்லாம் எதுக்கு நான் ஏறி இறங்கினேன்?"

வைத்துவிட்டாள். கிளாடினிடம் சொல்லிக் குதித்தேன். "பதறாத வெர்னி. அவரு நம்ம ஆளு. நான் பேசிக்கறேன்" என்றாள். பேசவும் செய்தாள். எப்படிப் பேசினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வாக்கெடுப்பன்று செனட்டின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். அனுமதிச் சீட்டை அவரவர் செனட்டரிடம் வாங்குவதுதான் வழக்கம். எங்களுக்கு கெஸ்லிங் அலுவலகமே கொடுத்தனுப்பியது, பெரிய மனசு! ஒவ்வொருவராக நடந்து வந்து, சட்டத்தைக் கிழிக்கலாம் என்றால் கட்டை விரலை மேலே காட்டுவார்கள், வேண்டாம் என்றால் கீழே. கெஸ்லிங் கடைசியில் வந்தான். பக்கத்தில் இருந்தவனோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே கட்டை விரலை மேலே தூக்கினான். மாடத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரே ஓட்டில் சட்டம் செத்தது.

திரும்பினால் கிளாடின் அமைதியாகக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை, அதிரக்கூட இல்லை. வெளிப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

"உனக்கு முன்னாலயே தெரியும்."

"மெதுவாப் பேசு."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்டி. அவருக்கு அடுத்த வருஷம் தேர்தல். அங்க இருக்கறவங்க, கைதிங்கள வெளிய விட்டவன்னு சொல்லியே தோக்கடிச்சிருவாங்க. இதுல நமக்கு எதிரா ஓட்டுப் போட்டாத்தான் அவர் பிழைப்பாரு. அதுக்குப் பதிலா மாநில மசோதாவ அவரோட குழுவுல விசாரணைக்கு எடுக்கறேன்னு வாக்கு குடுத்திருக்காரு. வெர்னி, செனட்ல! எத்தன வருஷக் கனவு!"

"நீ என்ன குடுத்த?"

"நம்ம ஆளுங்க சத்தம் போட மாட்டாங்கன்னு சொன்னேன்."

"எங்க தம்பிய வித்துட்டு வந்திருக்க நீ."

"மாநிலம் வந்தா சிறையும் நம்மது, நீதிபதியும் நம்மது. லவெல் மாதிரி எத்தன பேரு திரும்பி வருவாங்க, யோசிச்சுப் பாரு. உன் ஒருத்தி வீட்டையே பாத்தா எப்படி?"

என்னால் யோசிக்க முடியவில்லை. இதை எதிரி செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். என் சாவியைக் கொடு என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படியும் விசாரணைக்குப் போனேன். ரோஷம் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். லவெல் வீட்டுக்கு வர மிச்சம் இருந்தது அந்த ஒரு வழிதான். சங்கத்தார் எல்லோரையும் போல சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். கிளாடின் சாட்சி மேசையில், முத்துமாலை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேலே நடு நாற்காலியில் கெஸ்லிங். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

"இந்த நகரத்துல அனகோஸ்டியா பகுதியில ஒரு சகோதரி இருக்காங்க. அவங்க தம்பி லவெல், ரெண்டாயிரம் மைலுக்கு அப்பால சிறையில. ஏன் தெரியுமா? இந்த நகரம் மாநிலம் இல்ல. அவங்க அம்மா இறந்தப்போ அவரால வர முடியல. அக்காகிட்ட கெஞ்சினாரு, போனை அம்மா காதுகிட்ட வை, நான் பேசிக்கறேன்னு. அக்கா சவப்பெட்டிக்குள்ள போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. சிறை போன் பதினஞ்சு நிமிஷத்துல தானா அறுந்துரும். மகன் பேசிக்கிட்டு இருக்கும்போதே அறுந்துச்சு."

கூடம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். கெஸ்லிங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பஸ்ஸில் அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை. என் கணவருக்குக்கூடத் தெரியாது. அடக்கத்துக்கு மறுநாள், என் சமையலறையில், ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதேன். சாட்சி மேசையில் அவள் முதுகு எனக்கு நேராக இருந்தது. திரும்பவே இல்லை.

எழுந்து நின்றேன்.

"அந்தப் போனைப் புடிச்ச அக்கா நான்தான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஏதோ ஏற்பாடு என்று நினைத்தார்களோ என்னவோ. கெஸ்லிங் நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினான். நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

"அவன வெளிய விடலாமான்னு கேட்டப்போ, வேணாம்னு விரலத் தூக்கினது இந்த ஆளு! என் கையால தின்னுட்டு என் தம்பிய உள்ள வச்சுப் பூட்டிட்டு, இப்ப அவன் கதைய எடுத்து அழுவுறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

சுத்தியலால் தட்டினான். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என்னை வெளியே கொண்டுபோனார்கள். அதில் ஒருவன் எங்கள் பக்கத்துப் பையன்தான் போலிருக்கிறது. "மெதுவா நடங்கக்கா, வீடியோ எடுக்கறாங்க" என்று காதில் சொன்னான். தாழ்வாரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

கதவு திறந்தபோது உள்ளே ஒரே ஆரவாரம். மசோதா குழுவில் தேறிவிட்டது. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். கிளாடின் கண்ணீரோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஜெயிச்சிட்டோம் வெர்னி."

"அம்மா விஷயத்த அவன்கிட்ட எதுக்குச் சொன்ன?"

"புள்ளிவிவரத்துக்கு யாரு ஓட்டுப் போடுவா? ஒரு மனுஷக் கதை வேணும்னு கேட்டாரு. உன் கதைய விட நல்ல கதை எங்க போயி தேடுவேன்?" என் தோளைத் தொட வந்தாள், விலகிக்கொண்டேன். "திட்டு, பரவால்ல. ஆனா அடுத்த மாசம் அவருக்குப் பிரச்சாரம் ஆரம்பம். சனிக்கிழமை பஸ்ஸுக்கு ஆள் வேணும்."

"வாயத் தொறந்து கேக்கறியே கிளாடின், உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"அவர் தோத்தா வர்றவன் இன்னும் மோசம்டி" என்றாள். அது உண்மைதான், அதுதான் கொடுமை. அவனைத் தோற்கடிக்கவும் எனக்கு ஓட்டில்லை, ஜெயிக்கவைக்கவும் ஓட்டில்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்த மசோதா முழு செனட்டுக்குப் போகவே இல்லை. போகாது என்று அங்கிருந்த எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லவெல் கூப்பிட்டான். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல் அந்த நீல அறையில் போய் உட்கார்ந்துகொண்டு எடுத்தேன்.

"டிவில பாத்தேன்க்கா. கூடத்துல எல்லாரும் பாத்தோம். நல்லாத்தான் பேசறான். எனக்கே அழுகை வந்துச்சு."

"லவெல், நான்..."

"பக்கத்துல இருந்தவன் கேக்கறான், உன் மேல இவ்வளவு பாசமா இருக்கற ஆளு உன்னை ஏன் விடலன்னு. என்னத்தச் சொல்ல? அம்மா விஷயம் நீ சொன்னதா?"

"கிளாடின்கிட்ட மட்டும்தான்டா சொன்னேன். சத்தியமா, அவகிட்ட மட்டும்தான்."

"கிளாடினக்காவா?" அவனுக்கு அவள்தான் இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொடுத்தவள். "அன்னிக்கு அம்மாகிட்ட நான் என்ன பேசினேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போனை அம்மா காதோட ஒட்டி வச்சிருந்தேன். எனக்கே கேக்கல."

"உனக்கும் கேக்கலையா?"

"இல்லடா."

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. வீட்டுக்கு வந்தப்புறம் உனக்கு நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன். இனிமே வேணாம். நீயும் கேக்காத."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?