வயிற்று ஸ்கேன் எண்ணூறு ரூபாய்

குவைத்திலிருந்து ஜெக்கரியா, கூத்தாநல்லூரில் இருக்கும் மனைவி கமருன்னிஸாவை அன்று மூன்றாவது தடவையாக அழைத்தான்.

“வயித்து ஸ்கேனுக்குத் திருவாரூர்ல ஆயிரத்தி இருநூறு, மன்னார்குடியில ஆயிரம். தஞ்சாவூர்ல ஒரு இடத்துல எண்ணூறுதான். பணம் கட்டிட்டேன்.”

அவள் டாக்டர் சீட்டைப் பார்த்தாள். இடது மார்பு ஸ்கேன் என்று எழுதியிருந்தது. கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாளில் அதைப் புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவைத்தாள். அதை நம்பி அந்த மனிதன் வேலைக்கு நடுவே ஊர் ஊராக விலை விசாரித்திருக்கிறான். நாசமாய்ப் போன வெட்கம்!

“பொம்பளைதான் எடுப்பாங்களாம், அதையும் கேட்டுட்டேன். வயித்துக்குத்தானே?”

இப்போதாவது சொல்லிவிட வாயைத் திறந்தாள். கை கட்டியின்மேல் இருந்தது.

“ஆமா மச்சான்,” என்றாள்.