ஒரு நாள் முந்திய ஞாயிறு

ஜப்பான்காரன் காலம் என்றால் எல்லாருக்கும் மரவள்ளிக்கிழங்கும் சாக்குத் துணியும் ஞாபகத்துக்கு வரும். மம்பாவில் இருக்கும் பெர்னதெத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வரும். இப்போதெல்லாம் ஞாயிறு என்றால் வீட்டில் பிள்ளைகள் ஒன்பது மணிவரை தூங்குகிறார்கள். பூசைக்குக் கூப்பிட்டால் அடுத்த வாரம் வருகிறோம்லா என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள். அவள் சண்டை பிடிப்பதில்லை. சும்மா கிடைக்கிற பண்டத்தை யார் மதித்தார்கள் என்று நினைத்துக்கொண்டு, முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தனியே கிளம்பிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அவளும் அவள் புருஷன் சந்தியாகுவும் பட்ட பாட்டைச் சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய கதைதான், பாதிவரைக்கும்.

அப்போது அவர்கள் மலாயாவில் கோலா சாவாவுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். லயத்தில் நாற்பது வீடு. அதில் கிறிஸ்து வேதக்காரர் வீடு நாலே நாலு. வெள்ளைக்காரன் இருந்தவரை மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்து லோரி அவர்களைச் சிரம்பான் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போகும். அடடா, அந்த லோரிப் பயணம்! கஞ்சி போட்டு மடமடவென்று நிற்கிற சேலை, முகத்தில் பவுடர், வெறும் வயிற்றோடு சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகிறோம் என்கிற பெருமை. பூசை முடிந்ததும் கடைத்தெருவில் தோசையும் காப்பியும். திரும்பி வரும்போது லோரியே பாடிக்கொண்டு வரும். அந்தத் தோசைக்காகவே பூசைக்கு வருகிற ஆளும் உண்டு, பேர் சொல்ல வேண்டாம். பெர்னதெத்துக்கு இன்றைக்கும் காப்பி வாசனை அடித்தால் லத்தீன் பாட்டுக் காதில் கேட்கிறது.

ஜப்பான்காரன் வந்தான். லோரியை எடுத்துக்கொண்டான். சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு ஒருவரும் வெளியே போகக் கூடாது என்றான். சாமியாரும் இந்தப் பக்கம் வர முடியாமல் போயிற்று. 1943ஆம் வருஷத்தை 2603 என்று எழுதினான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தான், தோக்கியோவில் விடிந்தால் கோலா சாவாவிலும் விடிந்தாக வேண்டும் என்று. இருட்டிலே பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்று, இருட்டிலே மரத்தடிக்குப் போய், விடிகிறவரை மரம் சீவ முடியாமல் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு நாள் என்பதே கிடையாது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனமாவது நாளைக் காட்டும் என்று பார்த்தால், ஏழு நாளும் மரவள்ளிக்கிழங்கு. கறியைக் கண்டால்தானே விலக்குவதற்கு.

அந்த நாலு வீட்டுக்கும் உபதேசியார் மாதிரி இருந்தவன் சந்தியாகு. படிப்பு இரண்டாம் வகுப்பு, பிடிவாதம் பத்தாம் வகுப்பு. தினமும் பொழுது சாய்ந்ததும் நாலு வீட்டுச் சனமும் அவன் வீட்டில் முழங்கால் போட்டுச் செபமாலை சொல்லும். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு தேவ இரகசியத்தைத் தியானிக்க வேண்டும் என்பதால் கிழமைக்கும் அதுதான் கணக்கு. திங்கள் சந்தோஷ தேவ இரகசியம், செவ்வாய் துக்கம், புதன் மகிமை, வியாழன் மறுபடி சந்தோஷம், வெள்ளி துக்கம், சனி மகிமை, ஞாயிறும் மகிமை. நேற்றுவரை என்னென்ன சொன்னோம் என்று தெரிந்தால் இன்று என்ன கிழமை என்று தெரிந்துவிடும். காலண்டரை ஜப்பான்காரன் மாற்றலாம், செபமாலையை மாற்ற முடியாது என்பான் சந்தியாகு. சொல்லும்போது அவன் நெஞ்சு ஒரு சாண் முன்னால் வரும்.

அந்த வருஷம் ஜூலையில் ஓர் அதிசயம் நடந்தது. பட்டினியில் ஆட்கள் மரத்தடியிலேயே விழ ஆரம்பித்ததும், இனி ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். லயமே குதித்தது. முதல் ஓய்வு நாள் வந்தபோது சந்தியாகு மட்டும் வாசலில் நின்றுகொண்டு, இன்றைக்குத் திங்கட்கிழமை என்றான்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் சொல்லிப் பார்த்தார். மாரியம்மன் கோயில் பூசாரி மாயாண்டி, நேற்று முன்தினம்தான் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தேன் என்று சத்தியம் செய்தான். அந்தக் கிழமையை நீ யாரிடம் கேட்டாய் என்றான் சந்தியாகு. ஆபீசில் என்றான் மாயாண்டி. அப்படியானால் உங்கள் அம்மனும் ஜப்பான் கணக்கில்தான் போகிறாள் என்று சொல்லிவிட்டான். ஒன்றரை மணி நேரத்தைத் திருடியவன் ஒரு நாளைத் திருட மாட்டானா என்பது அவன் கட்சி. கேட்டால் நியாயம் மாதிரிதான் இருந்தது.

அதோடு விட்டானா? ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமையில் ஊரே படுத்திருக்க, இவன் மட்டும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழங்குக் கொல்லைக்குப் போனான். ஆபீஸ் சனிக்கிழமையில் பெரட்டுக்குப் போகாமல் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு செபம் சொன்னான். ஓய்வே இல்லை என்றிருந்தவரை ஆண்டவர் மன்னிப்பார், ஒரு நாள் ஓய்வு கிடைத்த பிறகு அதைத் திங்கட்கிழமைக்குக் கொடுத்தால் மன்னிப்பாரா என்று கேட்டான். மற்ற மூன்று வீட்டுக்காரர்கள் பயந்துபோய் வேலைக்குப் போய்விட்டு, சாயந்தரம் வந்து தலையைக் குனிந்துகொண்டு முழங்கால் போட்டார்கள். வேலைக்குப் போகாத நாளுக்கு, கிழங்கோடு சேர்க்கிற கைப்பிடி அரிசியும் இல்லை என்று கிராணி சொல்லிவிட்டார். பெர்னதெத் தன் பங்கைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். இருந்தாலும் புருஷனைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பது வீட்டில் ஓர் ஆளாவது நிமிர்ந்து நிற்கிறானே.

ஆகஸ்டில் ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆம்புரோஸ் தயங்கித் தயங்கி, நம்ம கணக்கில் எங்கேயாவது பிசகி இருக்குமோ என்று சந்தியாகுவிடம் கேட்டான். பெர்னதெத் அடுப்படியில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள்.

“எப்படிப் பிசகும்? எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது. மகிமை மட்டுந்தான் சேர்ந்தாப்ல ரெண்டு நாளு. அதக்கூடவா மறப்போம்?” என்றான் சந்தியாகு.

அவள் கை நின்றுவிட்டது.

மே மாதத்தில் அவனுக்கு மலேரியா வந்து நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தான். அந்த நாலு நாளும் யாரும் கூடவில்லை. அவள்தான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து தனியாகச் செபமாலை சொன்னாள். ஒரு சாயந்தரம் மகிமை சொன்னாள். மறுநாள் அவனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஈரத் துணியை ஒரு கையில் பிழிந்துகொண்டே, மகிமைதான் நேற்றே முடிந்ததே என்று சந்தோஷத்தை ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குத்தான் ஞாயிறு. ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிட்டு, திங்கட்கிழமையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்திருந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்ததும் நேற்று என்ன சொன்னாய் என்று கேட்டு அவன் அங்கிருந்து தொடர்ந்தான். ஊர் சொன்னதுதான் சரி. இவர்கள் சனிக்கிழமையைத்தான் ஞாயிறு என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கோயில் போயிற்று, சாமியார் போனார், மணி போயிற்று. இந்த ஒரு கணக்குத்தான் மிச்சம் என்று அவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதிலும் ஓட்டை போட்டவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஜப்பான் அதிகாரி லயத்துக்கே வந்துவிட்டான். வெளுத்த சட்டையோடு இருந்த சந்தியாகுவை வாசலுக்கு இழுத்து, ஊர் பார்க்க இரண்டு கன்னத்திலும் அறைந்தான். பொறி கலங்கிக் கீழே விழுந்தவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு நேராக நின்றான். அதிகாரி மறுபடி அறைந்தான். மாயாண்டிதான் ஓடிவந்து கும்பிட்டு அதிகாரியைத் தடுத்தான். பெர்னதெத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றாள்.

செப்டம்பரில் சயாமுக்கு ரயில் பாதை போட மறுபடியும் ஆள் பிடித்தார்கள். முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கிராணி இராஜமாணிக்கம் பெர்னதெத்தைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனுஷர். நாளைக் காலையும் அவன் பெரட்டுக்கு வராவிட்டால் சயாம் பட்டியலில் முதல் பேர் அவன் பேர்தான், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

அன்று சாயந்தரம் நாலு வீட்டுச் சனமும் வழக்கம்போல் கூடி முழங்கால் போட்டது. சந்தியாகு சிலுவை அடையாளம் வரைந்து, மகிமை தேவ இரகசியம் என்று ஆரம்பித்தான். ஆண் இருக்கும்போது பெண் குரல் முந்துகிற வழக்கம் அங்கே இல்லை. பெர்னதெத் முந்தினாள்.

“துக்க தேவ இரகசியம். இன்னிக்கு வெள்ளிக்கெழம.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே காய்ச்சல் நாளையும் ஈரத் துணியையும், மகிமைக்குப் பின்னால் சந்தோஷம் சொன்னதையும், சொல்லாமல் மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை. ஆம்புரோஸ் வீட்டு மார்த்தா அழ ஆரம்பித்தாள். சந்தியாகு அசையவில்லை. செபமாலை அவன் விரலில் அதே மணியில் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “முதல் துக்க தேவ இரகசியம். சேசுநாதர் பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது” என்றான். ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்தான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் முதல் ஆளாகப் போய் நின்றான். வரிசை முழுவதும் அவனையே பார்த்தது. கிராணி பேரைக் கூப்பிட்டதும், “நாந்தான் ஐயா கெழமயத் தப்பா எண்ணிட்டேன். மத்தவங்க மேல ஒண்ணும் இல்ல” என்றான், மாயாண்டி காதிலும் விழும்படி. மனைவி பேரை எடுக்கவில்லை. இராஜமாணிக்கம் பென்சிலை எடுத்துச் சயாம் பட்டியலில் அவன் பேர் மேல் ஒரு கோடு போட்டார். கேலி செய்வான் என்று எல்லாரும் எதிர்பார்த்த மாயாண்டி, ரப்பர்ப் பால் எடுக்கும் மங்கு வாளியைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தான்.

அதற்கடுத்த நாள் ஞாயிறு. ஊருக்கும் ஞாயிறு, அவர்களுக்கும் ஞாயிறு. பதினெட்டு வாரத்துக்குப் பின் வந்த உண்மையான ஞாயிறு. நாலு வீடும் கூடிச் செபம் சொன்னது. எல்லாரும் போன பிறகு சந்தியாகு வாசலில் குந்தியிருந்தான். பெர்னதெத் கிழங்குக் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தாள். அவன் அதைத் தொடாமல், இரண்டு நாளாக அவளிடம் பேசாத வாயைத் திறந்தான்.

“வாசல்ல வச்சு அடிச்சானே, அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைத்தது போதும் என்றிருந்தது.

“தெரியுங்க.”

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். ஒரு பல் அசைந்து போயிருந்த இடம். இப்போது திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால்தான் அவளுக்கு நெஞ்சு இலேசாகும்.

“மெய்யாவே அன்னிக்குச் சனிக்கெழமதான்,” என்றான் மெதுவாக. “ஆனா அடி வாங்கினப்ப நான் ஞாயித்துக்கெழமலதான் புள்ள நின்னேன். அத ஆண்டவருக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி, நீ சாப்பிட்டாயா என்று கேட்டான். நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அவன் அதைக் கேட்டதில்லை. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பாதிக் கஞ்சியை அவன் குடித்தான். மீதியை அவள் குடித்து முடிக்கிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.