சுருதி கொடுக்க வந்தவர்கள்

மாவட்டத் தலைவர் கிராய்ச்சி தன் கட்சிக் கூட்டத்தில் எங்கள் இசைக்குழு வந்து வாசிக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அதைப் பற்றி வானொலிக்காரர்கள் கேட்டபோது, ஓபோ என்ற மரக்குழல் ஊதும் எங்கள் ஸ்லாவ்கா, "என் ஓபோவுக்கு மூச்சு நான் குடுக்கறேன், கட்சி குடுக்கல" என்று சொல்லிவிட்டாள். ஸ்லோவாக்கியா முழுக்க அன்று அதுவே பேச்சு.

குழுவின் மேலாளர் பர்னபாஷுக்கு உடனே தலைவரிடமிருந்து ஆணை வந்தது. அவளை நீக்காவிட்டால் லிப்னிட்சா இசைக்குழுவுக்கு மானியம் கிடையாது. பர்னபாஷ் நல்ல மனிதர்தான்; ஆனால் தலைவர் தொலைபேசியில் வந்தால்கூட எழுந்து நின்று பேசுபவர். நீக்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். ஸ்லாவ்காதான் வாசலில் மறித்தாள்.

"நீங்களும் போயிட்டா அதையே சாக்கா வச்சு குழுவை மூடிருவாங்க, யோலானா. உள்ள போய் உக்காருங்கடி" என்றாள்.

யோலானா நான்தான்; வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா வாசிப்பவள். மனமில்லாமல் போய் உட்கார்ந்தேன்.

அந்த இசைப் பருவத்தின் முதல் கச்சேரிக்குத் தலைவரே மனைவியோடு வருவதாக இருந்தது. பர்னபாஷ் வேறு ஓபோ ஆளைத் தேடி நாடெங்கும் தொலைபேசினார். ஒருவருக்கு மாமியார் சாகக் கிடந்தாள். இன்னொருவர், "அன்னிக்கு எனக்குப் பல்லு வலிக்கும்" என்றார். கச்சேரிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கடைசியில் தலைநகரத்து ராஸ்டிஸ்லாவ் ஒப்புக்கொண்டார். பர்னபாஷுக்கு உயிர் வந்தது. நாங்கள் அந்த ஆளைத் திட்டாத திட்டில்லை.

கச்சேரி அன்று மேடை ஏறினோம். ராஸ்டிஸ்லாவைக் காணோம். எங்களில் ஓபோதான் முதலில் ஒரு சுரம் நீளமாக ஊதும். மற்ற எல்லோரும் அதைக் கேட்டுத்தான் சுருதி சேர்ப்போம். முதல் வயலின் வெண்டெலின் எழுந்தார், காலி நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தார், காத்திருந்தார். அரங்கத்தில் ஒருவர் இருமினார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது மாடியிலிருந்து வந்தது அந்தச் சுரம். நிமிர்ந்தால், டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ராஸ்டிஸ்லாவ், கோட்டுக்குள்ளிருந்து எடுத்த ஓபோவை ஊதிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் பர்னபாஷ் தேடக் கூடாது என்றே ஒப்புக்கொண்டிருக்கிறார், பாவி மனிதர். அவர் மூச்சு முடிவதற்குள் இடதுபுறம் ஒரு பெண் எழுந்து அதே சுரத்தைப் பிடித்தாள். பிறகு கதவோரம் ஒருவர். பல்வலிக்காரர், மாமியாரைச் சாகக் கிடத்தியவர், பின்வரிசையில் மூன்று மாணவர்கள். நாட்டின் ஓபோக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் அரங்கத்தில் இருந்தார்கள். நடுவில் ஸ்லாவ்கா, கன்னம் உப்ப, கண்ணில் நீர் வழிய ஊதினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

வெண்டெலினுக்குச் சிரிப்பில் வில் நடுங்கியது. ஆனாலும் சுருதி சேர்த்தோம். சபையும் சும்மா இருக்கவில்லை; மெல்ல மெல்ல எல்லோரும் அந்தச் சுரத்தை முனக ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் தலைவரின் மனைவியும் வாயை மூடிக்கொண்டு முனகினாள். அவர் முழங்கையால் இடித்தார். அவள் நிறுத்தவில்லை.

பர்னபாஷ் மேடையோரம் வெளிறிப்போய் நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், படியிறங்கினார், ஸ்லாவ்காவின் வரிசைக்குப் போனார்.

"மேல வாம்மா. என்னை நாளைக்கு வேலையை விட்டுத் தூக்கட்டும்" என்றார்.

அவள் மேடை ஏறும்வரை கைதட்டல் ஓயவில்லை. தொலைக்காட்சிக் கேமரா தன் பக்கம் திரும்பியதும் தலைவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

பர்னபாஷை அவர்கள் தூக்கவில்லை; மானியத்தில் பாதியை மட்டும் வெட்டினார்கள். செய்தி கேட்டு மற்ற ஊர் இசைக்குழுக்கள் அந்தப் பாதியை ஈடுகட்ட எங்களோடு வாசிக்கத் தாமாகவே வந்தன. அரங்கம் போதாமல் பேருந்துப் பணிமனையில் கச்சேரி வைத்தோம். பழுதுக்கு நின்ற பேருந்துகளின் கூரைமேலெல்லாம் ஆட்கள். நுழைவாயிலில் பர்னபாஷ் கசகசா ரொட்டி விற்றார். ஸ்லாவ்கா வாய் நிறைய ரொட்டியோடு மேடை ஏறியதால், அன்று எங்களுக்குச் சுருதி கிடைக்கக் கொஞ்சம் தாமதமானது.