பூந்திக்குத் தயிர்சாதம்

பூந்தி நடித்த புதுப் படம் வெள்ளிக்கிழமை வெளியாகி, முதல் காட்சியிலேயே பாதியில் நின்றுவிட்டது. பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று தியேட்டரிலிருந்து எனக்குப் போன் செய்தார்கள். நான் தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பூந்தி ஒரு கைப்பொம்மை. மஞ்சள் துணி, சட்டைப் பொத்தான் கண்கள். நான் சிறுமியாக இருந்தபோது ஞாயிறுதோறும் டிவியில் வரும். வந்தவுடன் நேராகப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்கும். பதிலுக்குக் காத்திருக்கும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரியில் டூட்டி. அன்றைக்கு என்னிடம் அதைக் கேட்கிற ஒரே ஆள் பூந்திதான். நான் காலித் தட்டைத் தூக்கிக் காட்டுவேன். பூந்தி தலையாட்டிய பிறகுதான் கதை தொடங்கும்.

தியேட்டர் வாசலில் பைகளைச் சோதிக்கும் பெண் டிபன் பாக்ஸைத் திறந்து முகர்ந்தாள். சட்டையில் தவமணி என்று எழுதியிருந்தது.

"வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்கக்கா."

"எனக்கில்ல. பூந்திக்கு."

"அது உள்ள இருக்கிற ஆளாச்சே."

"ஆமா."

"அப்ப வெளிச் சாப்பாட்டுல சேராது. தொட்டுக்க என்ன?"

"மாவடு."

"சீக்கிரம் போங்க."

அரங்குக்குப் போகும் நடை நீண்டுகொண்டே போனது. நடக்க நடக்க, கீழே விரித்திருந்த கம்பளம் எங்கள் பழைய வீட்டுச் சிவப்புச் சிமெண்ட் தரையாக மாறியது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். அங்கே ஏற்கெனவே நிறையச் செருப்புகள் கிடந்தன. எல்லாம் சின்னப் பிள்ளைகள் அளவு.

உள்ளே வெள்ளிக்கிழமை வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தைக்குப் பல் விழுந்து முளைத்திருந்தது. திரை முழுக்கப் பூந்தியின் முகம். வாய் திறந்தபடி இருந்தது.

"சாப்டியான்னு கேட்டுச்சு. அத்தோட நிக்குது," என்றார் ஓரத்து இருக்கைக்காரர்.

"நீங்க யாரும் பதில் சொல்லலையா?"

"பாப்கார்ன் சாப்ட்டோம்னு சொன்னோம். அது சாப்பாடா, இதெல்லாம் ஒரு பதிலாங்கற மாதிரி பாக்குதும்மா. சாயங்காலத்துக்குள்ள படம் ஓடலைன்னா பூந்திய மடிச்சுப் பெட்டியில போட்ருவாங்களாம். அப்புறம் எடுக்கவே மாட்டாங்களாம்."

திரைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னும் இல்ல பூந்தி. நீ சாப்டியா?"

அதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை போலிருக்கிறது. திறந்திருந்த வாய் மெல்ல மூடியது.

"இல்ல," என்றது.

திரையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. இறங்க இறங்கச் சிறுத்து, என் மடிக்கு வரும்போது பழைய அளவில் இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினேன்.

"எனக்கு வயிறு இல்லையே. முன்னாடி உள்ள ஒரு கை இருக்கும். இப்ப கம்ப்யூட்டர்ல ஆட்டுறாங்க. நல்ல பிள்ளைங்க. என்னப் பறக்கக்கூட வெச்சாங்க. ஆனா பசிக்குது."

வலது கையை உள்ளே விட்டேன். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி போல உள்ளே கதகதப்பாக இருந்தது. பூந்தி சின்னதாக ஏப்பம் விட்டது.

இப்போது என்னிடம் இடது கை மட்டும் இருந்தது. அந்தக் கையால் சாப்பிட்டால் அம்மா திட்டுவாள். அப்படியே சொன்னேன். பூந்தி குனிந்து, இரண்டு துணிக் கைகளாலும் ஒரு கவளம் அள்ளியது.

"ஆ காட்டு."

காட்டினேன். சாதம் குழைந்திருந்தது. மாவடுவில் உப்பு சரியாக இருந்தது. நான் விழுங்கும்வரை அரங்கமே பொறுமையாக இருந்தது. பாக்ஸ் காலியாகும்வரை ஊட்டியது.

"இப்ப சொல்லு. சாப்டியா?"

"சாப்ட்டேன்."

படம் ஓடத் தொடங்கியது. திரையில் சிவப்புத் தரை. அதில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எங்களை நேராகப் பார்த்து, தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

என் கை அசைந்தது. பூந்தி தலையாட்டியது.

"ஒரு பருக்கை மிச்சமில்ல," என்றது.